கன்னியப்பனின் இடது விளக்கு

கார் எலெக்ட்ரிகல் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். ரிலேவை எங்கே மாட்டுவது, எந்த ஒயரை எதோடு சேர்ப்பது என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதற்கு உங்கள் போனிலேயே ஆயிரம் வீடியோ கிடக்கிறது. அதில் பேசுகிறவர்களுக்கு என்னைவிடத் தலைமுடியும் அதிகம். நான் எழுதப் போவது ஒரு டாக்ஸிக்காரரைப் பற்றி. சந்தோஷமான கதை இல்லை. கையில் வேலை இருக்கும்போது படிக்காதீர்கள்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஹெட்லைட் வேலைக்கு வருகிற யாரும் ‘எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை’ என்று சொல்ல மாட்டார். ‘வெளிச்சம் பத்தலை’ என்றுதான் சொல்வார். மழையில் பத்தலை என்பார், மேம்பாலத்துக்குக் கீழே பத்தலை என்பார், எதிரே வருகிறவன் லைட் ஜாஸ்தியாக இருப்பதால் நமக்குப் பத்தலை என்பார். நாமும் விளக்கைத்தான் பார்ப்போம். விளக்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்க்க நமக்கு யாரும் சொல்லித்தருவதில்லை.

பளிச்சென்ற வெள்ளை வெளிச்சம் தரும் செனான் கிட் சக்கைப்போடு போட்ட காலம் அது. மந்தைவெளியில் எங்கள் கடை. முதலாளி அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர், முன்னால் கண்ணாடிக் கதவு போட்ட கடை அவருடையது, பின்னால் ஷட்டர் போட்ட ஷெட் என்னுடையது என்று பேச்சு. உண்மையில் இரண்டுமே அவருடையதுதான். கிட் என்றால் ஒரு பெட்டிக்குள் இரண்டு வெள்ளைப் பல்பு, அவற்றை எரியவைக்கும் மின்பெட்டியான பேலஸ்ட் இரண்டு, கொஞ்சம் ஒயர். மஞ்சள் வெளிச்சத்துக்கென்று செய்த கண்ணாடிக் கிண்ணத்துக்குள் அந்த வெள்ளைப் பல்பைத் திணித்தால் வெளிச்சம் சொன்ன இடத்தில் நிற்காது. நாலாபுறமும் சிதறும். ஓட்டுகிறவருக்கு ஊரே பளிச்சென்று இருக்கும். எதிரே ஸ்கூட்டரில் வருகிறவருக்கு ஊரே காணாமல் போகும். கிட் மாட்டி முடித்ததும் நான் வண்டிக்கு முன்னால் போய் ஒரு குட்டை ஸ்டூலில் உட்காருவேன், ஸ்கூட்டர்காரர் கண் இருக்கும் உயரத்தில். கண் கூசினால் வெளிச்சத்தைக் கீழே இறக்குவேன். இறக்கியும் கூசினால் கழற்றச் சொல்வேன். அதனால் கடையில் எனக்கு நல்ல பெயர் கிடையாது.

அண்ணாச்சி சிரிப்பார். “நீ என்னடே, வண்டிக்குள்ள ஒக்காந்து பாக்கதுக்குத் துட்டு வாங்கிட்டு, வெளிய ஒக்காந்து பாத்துட்டு இருக்க?”

கன்னியப்பன் ஒரு மத்தியானம் வந்தார். பழைய வாடிக்கை. சொந்தமாக ஒரு வெள்ளை டாக்ஸி. மயிலாப்பூர், அடையாறு வீடுகளிலிருந்து விடிவதற்கு முன்னால் ஏர்போர்ட்டுக்கு ஆள் ஏற்றுவதுதான் அவருடைய முக்கியப் பிழைப்பு. முன்பு கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் குடியிருந்தவர்கள். வீடுகளை இடித்து எடுத்த பிறகு ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அவர் மனைவி செல்வி ராஜா அண்ணாமலைபுரத்தில் நாலைந்து வீடுகளில் வேலை பார்ப்பவர். இருட்டோடு இருவரும் வண்டியில் கிளம்புவார்கள். செல்வியை இறக்கிவிட்டு அவர் சவாரிக்குப் போவார். அந்த வண்டி ஓடினால்தான் இரண்டு பேருக்கும் வேலை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

“நைனா, லெப்டு லைட்டு ரொம்ப டல்லா கீது. ரைட்டு ஷோக்கா எரியுது, லெப்டுல ஒண்ணியும் தெர்ல. ரெண்டுக்கும் அந்த வெள்ள லைட்டு மாட்டிடு. பொயப்பு ஓடணும்” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி பெட்டியை உடைத்து மேஜைமேல் வைத்துவிட்டார். செல்வி வண்டியின் பின் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். வேலை முடிந்து வருகிற அலுப்பு, கண்ணை மூடியிருந்தார்.

லெப்ட் விளக்கு டல் என்றால் காரணங்கள் நாலோ ஐந்தோதான். அவற்றைப் பார்த்துவிட்டுக் கிட் மாட்டலாம் என்று வண்டியை ஷெட்டுக்குள் விடச் சொல்லி ஷட்டரை இறக்கினேன். மத்தியானத்திலும் அந்த ஷெட் நல்ல இருட்டாக இருக்கும். எதிர்ச் சுவரில் வெளிச்சம் விழும் உயரம் பார்ப்பதற்காக ஒரு கறுப்புக் கோடு போட்டிருந்தோம். லைட்டைப் போடச் சொன்னேன். எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. ஆனால் நம் தொழிலில் கண்ணை நம்பக் கூடாது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர், பெயர் வேண்டாம், எந்தச் சந்தேகம் வந்தாலும் ஒரே ஒரு வழிதான் வைத்திருந்தார்: சாமானை இடம் மாற்று. கோளாறு சாமானோடு நகர்ந்தால் சாமானில் கோளாறு. நகராமல் அங்கேயே நின்றால் கோளாறு வேறு எங்கோ.

இடது பல்பைக் கழற்றி வலதில் போட்டேன். வலதை இடதில் போட்டேன்.

“இப்ப?”

“லெப்டுதான் டல்லு.”

பல்பு இல்லை. அப்படியென்றால் கிண்ணம். இரண்டு கிண்ணத்தையும் துடைத்தேன். மின்சாரம் இரண்டு பக்கமும் சரியாக வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. இடது பக்கத்துக்குப் பேட்டரியிலிருந்தே நேராகப் புது ஒயர் இழுத்துக் கொடுத்தேன்.

“இப்ப?”

“இன்னா நைனா, அதேதான் கீது. லெப்டு செத்துப்போச்சு, உட்டுடு. புச்ச மாட்டு.”

அப்போதுதான் அந்த வண்டியின் இடது பம்பர் என் கண்ணில் பட்டது. நெடுகக் கீறல். இடது இண்டிகேட்டர் கண்ணாடியை நானே அடிக்கடி மாற்றியிருக்கிறேன். இடது பக்க மிரரைக் கறுப்பு டேப் ஒட்டி நிறுத்தியிருந்தார். வலது பக்கம் ஒரு கீறல் இல்லை. சென்னையில் ஓடுகிற டாக்ஸிக்கு ஒரு பக்கம் மட்டும் அடி விழுமா? ஆட்டோக்காரன் உரசினான், தண்ணி லாரிக்காரன் இடித்தான் என்று ஒவ்வொரு தடவையும் அவர் ஒரு ஆளைத் திட்டுவார்; நானும் சேர்ந்து திட்டிவிட்டு மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

ஹெட்லைட் இரண்டையும் அணைத்தேன். நீள ஒயரில் தொங்கும் சோதனை பல்பைப் பேட்டரியில் கிளிப் போட்டு எடுத்துக்கொண்டு சுவருக்குப் போனேன்.

“அண்ணே, ரோட்டைப் பாக்குற மாதிரி நடுவுல அந்தக் கோட்டையே பாருங்க. கண்ணைத் திருப்பாதீங்க. பல்பு எரியுற வரைக்கும் எரியுதுன்னு சொல்லுங்க.”

“இது இன்னாடா புது வெளயாட்டு?” என்று சிரித்தார். வலது மூலையிலிருந்து பல்பைப் பிடித்தபடி சுவரோரமாக நடந்தேன்.

“எரியுது. எரியுது. எரியுது.” கோட்டைத் தாண்டி இடது பக்கம் வந்தேன். “எரியு... ஆங், ஆஃப் பண்ட்ட.”

பல்பு என் கையில் எரிந்துகொண்டிருந்தது. அதன் சூடு விரலில் தெரிந்தது.

பின் சீட்டிலிருந்து செல்வியின் குரல்தான் வந்தது. அவர் எப்போது கண் விழித்தார் என்று தெரியாது.

“எரியுதேய்யா” என்றார். “அவுரு கையில எரியுது பாரு.”

கன்னியப்பன் முகத்தைத் திருப்பினார். திருப்பியதும் அவருக்குப் பல்பு தெரிந்துவிட்டது. பிறகு கோபம் வந்தது. கோபம் வராமல் என்ன செய்யும்?

“இப்ப போட்டுட்டு ஏமாத்துறியா?”

“இல்லண்ணே. அணைக்கவே இல்ல. லைட்ல கோளாறு இல்ல. ஒரு தடவை கண் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடுங்க. அப்புறம் என்ன லைட் வேணுமோ மாட்டலாம்.”

“நீ கரண்டு வேல பாக்குறவனா, கண்ணு டாக்டரா? விடியக்காலம் சவாரி கீது எனுக்கு. ஆஸ்பத்திரில போய் குந்திக்கினு கெடந்தா பார்ட்டி காத்துக்கினு இருப்பானா? வேற வண்டிக்குப் போயிடுவான். அவன் போனா திரும்ப வருவானா? நீ மாட்டு. பளிச்சுனு வெளிச்சம் வந்தா எனுக்கு எல்லாம் தெரியும்.”

“நான் மாட்ட மாட்டேண்ணே.”

சத்தம் கேட்டு அண்ணாச்சி உள்ளே வந்தார். என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார். “அவன் கேக்கான், நான் குடுக்கேன். இதுல ஒனக்கு என்னடே வந்துச்சு? இங்க இல்லேன்னா ராயப்பேட்டைல மாட்டுவான். நீ மாட்டலேன்னா அவன் கண்ணு சரியாயிருமா?”

இந்தக் கேள்வியை உங்களிடமும் ஒரு நாள் யாராவது கேட்பார்கள். சரியாகாதுதான். ஆனால் அந்த வெள்ளை வெளிச்சத்தைப் போட்டுக்கொடுத்தால் அவருக்குத் தைரியம் வந்துவிடும். அவருக்கு இருந்த ஒரே பாதுகாப்பு, ‘ஏதோ சரியில்லை’ என்ற பயம்தான். அதை நானே பிடுங்கிப் போட வேண்டுமா? அன்றைக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. “என் கை வராது அண்ணாச்சி” என்று மட்டும் சொன்னேன்.

அண்ணாச்சி பெட்டியை மூடி கன்னியப்பன் கையில் கொடுத்துக் காசை வாங்கிக்கொண்டார். ஆகவே நான் மறுத்தேன் என்று பெரிதாகப் பீற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. என் கை மாட்டவில்லை, அவ்வளவுதான். கிட் எங்கள் கடையிலிருந்துதான் போனது.

ஷட்டரைத் தூக்கினேன். வெயில் உள்ளே வந்தது. கன்னியப்பன் வண்டியைப் பின்னால் எடுத்தார். அப்போது செல்வி பின் கதவைத் திறந்து இறங்கினார். கையில் தூக்குவாளி. “நான் பஸ்ஸுல வரேன்” என்றார்.

“ஏறு.”

“நீ போய்யா. நான் வரேன்.”

மந்தைவெளி பஸ் ஸ்டாண்டு இருக்கும் பக்கமாக நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. கன்னியப்பன் அவர் போவதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இன்ஜினை ஓடவிட்டார். என்னை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிவிட்டுக் கிளம்பினார். அந்தத் திட்டு எனக்கு வேண்டியதுதான் என்றே நினைத்தேன். பிழைப்பில் கை வைத்தவனை யாராவது கொஞ்சுவார்களா?

அதன்பின் அவர் வரவில்லை. செல்வியை மட்டும் சில நாள் காலையில் பார்ப்பேன், பஸ்ஸிலிருந்து இறங்கி ராஜா அண்ணாமலைபுரத்துக்கு வேகவேகமாக நடந்து போவார். நேரத்துக்கு வர முடியாததால் ஒரு வீட்டில் நிறுத்திவிட்டார்கள் என்று டீக்கடையில் சொன்னார்கள். அதைக் கேட்ட அன்று எனக்கு வேலை ஓடவில்லை. நான் சொன்ன சொல்லால் அவர் கண் திறக்கவில்லை. இந்த அம்மாவின் வேலைதான் போயிருக்கிறது. பேசாமல் மாட்டிக் கொடுத்திருக்கலாமோ என்றுகூட நினைத்தேன். அதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு சாயங்காலம் அந்த வெள்ளை டாக்ஸி மறுபடி கடை வாசலில் வந்து நின்றது. வானம் மூடிக்கொண்டிருந்ததால் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டே வந்திருந்தார். என்னைக் கூப்பிடாமல் ஹாரனை அடித்தார். அதுவும் ஒழுங்காக அடிக்கவில்லை, அதற்குத்தான் வந்திருக்கிறார்.

“ஆர்ன் கரகரன்னுது, பாரு” என்றார் வீம்பாக. பிறகு தாங்க முடியாமல் சொன்னார்: “லைட்ட பாத்தியா? ராயப்பேட்டைல மாட்டிக்கினேன். ரெண்டும் பால் மாதிரி கீது. நீ இன்னாவோ கண்ணு கிண்ணுன்ன.”

நான் வண்டிக்கு முன்னால் வந்து பார்த்தேன். வலது பக்கம் பால் மாதிரிதான் இருந்தது. கண்ணைப் பறித்தது. இடது பக்கம் ஒன்றுமே இல்லை. அந்தப் பக்கத்துப் பேலஸ்ட் செத்துப் போயிருந்தது. மலிவான கிட்டில் சகஜம். எத்தனை நாளாக இப்படி ஓட்டிக்கொண்டிருக்கிறார்? இடது ஓரமாக ராங் சைடில் எதிரே வருகிறவருக்கு ஒற்றை விளக்குதான் தெரியும். பைக் வருகிறது, ஓரமாகப் போய்விடலாம் என்று நினைத்து, கார் இருக்கிற இடத்துக்குள்ளேயே வந்துவிடுவார்.

பாருங்கள், நன்றாக எரிந்த விளக்கை டல் என்று சொன்ன அதே மனிதர், செத்துப்போன விளக்கைப் பால் மாதிரி இருக்கிறது என்கிறார். வலது பக்கத்திலிருந்து வருகிற வெளிச்சமே அவருக்குத் தெரிகிற உலகம் முழுவதையும் நிறைத்துவிட்டது. மிச்ச உலகம் இருக்கிறது என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

இந்த இடத்தில் என்ன செய்வீர்கள்? அண்ணாச்சி கல்லாவிலிருந்து எட்டிப் பார்க்கிறார். பின்னால் இரண்டு கார் நிற்கிறது. போன தடவை வாயால் சொல்லித் திட்டு வாங்கியாயிற்று. மறுபடி சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். மழை வேறு வருகிறது. வாதாடுவதில் பிரயோசனம் இல்லை என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

“அண்ணே, இன்ஜினை நிறுத்திட்டு இறங்கி வாங்க. லைட் எரியட்டும்” என்றேன். என்ன நினைத்தாரோ, சாவியை ஒரு கட்டு திருப்பி வைத்துவிட்டு இறங்கினார். அவர் கையைப் பிடித்து வலது விளக்கின் கண்ணாடிமேல் வைத்தேன்.

“சுடுது” என்றார்.

அப்படியே கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போய் இடது கண்ணாடிமேல் வைத்தேன்.

அவரே போய் வலதைத் தொட்டார். திரும்பி வந்து இடதைத் தொட்டார். முகத்தை விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நேராகப் பார்த்தார். மழை பிடித்துக்கொண்டது. வண்டிக்கு முன்னால், நடுரோட்டிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். பெரிய உடம்பு, தோள் குலுங்கியது. பின்னால் நின்ற கார்க்காரர் ஹாரன் அடித்தார். அண்ணாச்சிதான் குடையோடு இறங்கி வந்து அந்தக் கார்க்காரரைச் சத்தம் போட்டார். அவரிடம் அப்படி ஒரு பக்கம் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

“நேத்து காலில திருவான்மியூராண்ட ஒரு பொண்ணு ஸ்கூட்டில...” என்று ஆரம்பித்தார் கன்னியப்பன். “லெப்டுல ஒரசிக்கினு போச்சு. அது தப்புன்னு திட்டினேன் நைனா. கொயந்த முன்னாடி நின்னுக்கினு இருந்துச்சு.” அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையாம். எழுந்து போய் வண்டியிலிருந்து சாவியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டார்.

மறுநாள் செல்வியும் நானும் அவரைப் பெரிய கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். இரண்டு கண்ணிலும் அழுத்தம் ஏறி நரம்பு செத்துக்கொண்டிருந்தது. இடது பக்கப் பார்வை முக்கால்வாசி போயிருந்தது. போனது போனதுதான், இனி மருந்து போட்டு இருப்பதைக் காப்பாற்றலாம், வண்டி மட்டும் ஓட்டக் கூடாது என்றார் டாக்டர். “அந்த லைட்டு டல்லுன்னு வந்தப்பவே வந்திருந்தா?” என்று செல்வி கேட்டார். இன்னும் கொஞ்சம் பார்வை மிஞ்சியிருக்கும் என்றார் டாக்டர். செல்வி என்னைப் பார்க்கவில்லை, கணவரையும் பார்க்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அன்று ‘மாட்ட மாட்டேன்’ என்று சொன்னதோடு நிறுத்தியிருக்கக் கூடாது. ஷட்டரைத் தூக்காமலே இருந்திருக்கலாம். அவர் கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கலாம். வேலையை மறுப்பது சுலபம். ஆளை விடாமல் இருப்பதுதான் கஷ்டம். உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். இப்போது செனான் போய் எல்இடி வந்துவிட்டது, பெட்டி மாறியிருக்கிறது. ‘வெளிச்சம் பத்தலை’ என்று வருகிறவர்கள் மாறவில்லை. மாட்டுவதற்கு முன்னால் அந்தச் சோதனை பல்பை எடுத்துக்கொண்டு ஒரு தடவை சுவரோரம் நடந்துவிடுங்கள். வாடிக்கையாளர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

கன்னியப்பனுக்கு அண்ணாச்சியே தெரிந்தவர்களிடம் சொல்லி, தி.நகரில் ஒரு துணிக்கடை வாசலில் கதவு திறந்துவிடும் வேலை வாங்கிக் கொடுத்தார். வருகிறவர்கள் தன் வலது பக்கமாக வருகிற மாதிரி இடம் பார்த்து நின்றுகொள்வாராம். என்னோடு அவர் பழையபடி பேசவில்லை. அது நியாயம்தான்.

வண்டியை விற்பதற்கு முன்னால் மட்டும் ஒரு தடவை வந்தார். செல்வியின் அண்ணன் மகன் ஓட்டிக்கொண்டு வந்தான். பழைய மஞ்சள் பல்பு இரண்டையும் துணியில் சுற்றி டேஷ்போர்டுக்குள் வைத்திருந்தார்.

“அந்த வெள்ளைய கயட்டிட்டு இத்த மாட்டிக் குடு. வாங்குறவன் இன்னாவோ பண்ணிக்கட்டும், என் வண்டி எவன் கண்ணையும் கூச வெச்சுக்கினு போவக் கூடாது” என்றார்.

மாட்டினேன். லைட்டைப் போட்டேன். ஷட்டர் இறக்கிய ஷெட்டில் இரண்டு மஞ்சள் வெளிச்சமும் சுவரில் கோட்டுக்குக் கீழே அடக்கமாக விழுந்தன. அவர் வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

“லெப்டு எரியுதா?” என்றார்.

“எரியுதுண்ணே.”

தலையாட்டினார். ஆனாலும் குனிந்து, தடவிப் பார்த்து, இடது விளக்கின் கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்தார். சூடு ஏறும்வரை எடுக்கவில்லை.